அறுவை முடிந்த பூனையை எங்கே விடுவது?

நாய்களைப் பற்றி நாடே பேசிக்கொண்டிருக்க, மாடிப்படிக்கு அடியில் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கிறது இன்னொரு கூட்டம். ஆபரேஷன் அரை மணி நேர வேலை. சிக்கல் அதற்குப் பிறகுதான்.

மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடி அடுக்ககம் ஒன்று. காலை ஐந்தே முக்கால். பால் வண்டி இப்போதுதான் கிரேட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. மோட்டார் ரூமுக்குப் பின்னால், பழைய போர்வை போர்த்திய கம்பிக் கூண்டு. அதன் பக்கத்தில் தோளில் துண்டோடு ஓர் அம்மாள், தபால் துறையில் ஓய்வு பெற்றவர். டார்ச்சும் கையுமாக வாட்ச்மேன்.

“கதவைத் தூக்கிடட்டுமா மேடம்?”

“இருங்கண்ணே, அந்தத் தண்ணி லாரி போகட்டும். சத்தத்துல ரோட்டுப் பக்கம் பாஞ்சிரும்.”

லாரி போகிறது. கூண்டை அரைவட்டம் திருப்பி, அதன் வாய் சுவர்ப் பக்கம் பார்க்கும்படி வைக்கிறார்கள். கதவு மேலே ஏறுகிறது. உள்ளே இருக்கும் சாம்பல் வரிப் பூனை நகரவில்லை. இடது காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. விலாவில் முடி மழித்த சதுரம், நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தையல் தடம். அம்மாள் சத்தம் போடவில்லை, கூண்டைத் தட்டவும் இல்லை. பின்பக்கத்துப் போர்வையை மட்டும் ஒரு சாண் விலக்குகிறார். முதுகில் வெளிச்சம் பட்டதுதான் தாமதம், பூனை முன்னால் பாய்ந்து, செப்டிக் டேங்க் மூடியைத் தாண்டி, காம்பவுண்டுச் சுவரில் ஏறி மறைந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றோடு அது சுவரேறியதில் வாட்ச்மேனுக்குத்தான் பதற்றம். அம்மாள் கூண்டைக் கழுவக் குழாயைத் திறந்துவிட்டார்.

இதே அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின வாரம் ஓடிய விவாதம் வேறு மாதிரி. “ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, அப்படியே எங்கேயாவது தள்ளிக் கொண்டுபோய் விட்டுடக் கூடாதா? திரும்ப இங்கேயே ஏன்?”

தமிழ்நாட்டில் பூனைக்குக் கருத்தடை செய்ய முன்வருகிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர்கள் எல்லோரும் பூனை வெறுப்பாளர்கள் இல்லை. கார் பானெட்டில் கீறல், மொட்டை மாடி வடகத்தில் வாய், நள்ளிரவில் குழந்தை அழுவது போன்ற கத்தல் என்று ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. ஆனால் ‘எங்கேயாவது’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் மொத்த முயற்சியும் பாழாகிறது.

நாய்க்கு உச்ச நீதிமன்றம், பூனைக்கு வாட்ஸ்அப் குரூப்

2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆகஸ்ட் 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த பகுதியிலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு இன்னொரு உத்தரவு வந்தது. அங்கே பிடித்த நாயை அங்கேயே விடக் கூடாது.

பிடித்த இடத்திலேயே விடுவதா என்ற கேள்வியை நாய் விஷயத்தில் நாடு முழுக்க அலசியாகிவிட்டது. பூனைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் சட்டம் பூனையை மறந்துவிடவில்லை. 2001-ம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின் தலைப்பிலேயே ‘நாய்கள்’ என்று இருந்தது. 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. யாரும் உரிமை கோராமல் ஒரு பகுதியில் பிறந்து வாழும் விலங்கை, அது வனவிலங்கு இல்லாத பட்சத்தில், ‘சமுதாய விலங்கு’ என்கிறது அந்த விதி. உங்கள் மாடிப்படிப் பூனையும் அதில் அடக்கம்.

காகிதத்தில் அடக்கமே தவிர, தெருவில் வரும் வண்டியும் வலையும் அடைப்பிடமும் நாயை மனதில் வைத்துச் செய்தவை. நாய்க் கருத்தடையில் சென்னைதான் முன்னோடி. ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தொடங்கிய வேலையை 1996-ல் மாநகராட்சி கையில் எடுத்தது. பூனைக்கோ இன்றும் பக்கத்து வீட்டு மாமி, கல்லூரி மாணவர், இரவு டிபன் கடைக்காரர் என்று தனி ஆட்கள்தான். கூண்டு ஒருவருடையது, ஆட்டோ செலவு இன்னொருவருடையது, டாக்டர் ஃபீஸ் நாலு பேர் ஜிபேயில் போட்டது.

――――――――――
4,20,000 பூனைகள்: நம்பாதீர்கள்!

‘ஒரு ஜோடிப் பூனை ஏழு ஆண்டில் 4,20,000 பூனைகளாகும்’ என்ற வாசகத்தை போஸ்டரிலும் ஃபார்வர்டிலும் பார்த்திருப்பீர்கள். பிறக்கும் குட்டி எல்லாமே பிழைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையினர் திருப்பிப் போட்டுப் பார்த்தபோது 100 முதல் 400 வரைதான் வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், தெருப்பூனைக் குட்டிகளில் 75 சதவீதம் ஆறு மாதம் நிறையும் முன்பே செத்தோ காணாமலோ போயிருந்தன.

பயமுறுத்த பெரிய எண் தேவையில்லை. பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கலாம்.
――――――――――

சாக்குப் பையின் கணக்கு

பூனையை ஊர் கடத்துவது நமக்குப் புதிதல்ல. குட்டிகளைச் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கமோ மீன் மார்க்கெட் வாசலிலோ கோயில் மண்டபத்திலோ விட்டுவிட்டு வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ‘கொன்னா பாவம், விட்டா அது பொழச்சுக்கும்’ என்பது அதற்குச் சொல்லும் சமாதானம்.

பிழைத்துக்கொள்வதில்லை என்பதுதான் விஷயம். தெருப்பூனைக்கு அதன் வட்டாரம்தான் சொத்து. எந்தச் சுவரில் நாய் எட்டாது, எந்த வீட்டுப் பின்வாசலில் மீன் செதில் விழும், எந்தக் கடுவன் எந்த நேரத்தில் ரோந்து வரும் என்பதெல்லாம் மாதக்கணக்கில் தெரிந்துகொண்டவை. அதைத் தெரியாத தெருவில் இறக்கிவிட்டால், அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் விரட்டும். ஒளிந்துகொள்ள இடம் தெரியாமல் ஓடும். பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிப் பாதி வழியில் பிரதான சாலையைக் கடக்கப் பார்க்கும். வேளச்சேரி சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ விடிகாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு அதன் முடிவு தெரியும்.

அறுவை முடிந்த பூனைக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. தையல் காயம், மயக்க மருந்தின் அசதி, ஒரு நாள் சரியாகச் சாப்பிடாத வயிறு. இந்த நிலையில் புது இடம் என்பது கருத்தடைக்குச் செலவழித்த பணத்தைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

காலி செய்த இடமும் அப்படியே இருந்துவிடாது. குப்பைத்தொட்டியும் மீன்கடைக் கழிவும் இருக்கும் வரை பக்கத்துத் தெருப் பூனைகள் நகர்ந்து வரும். இந்தக் காலியிட விளைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் நடக்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவை கருத்தடை ஆகாதவை என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பழைய ஐந்து பூனைகளை ஊர் கடத்திய அடுக்ககத்தில் அடுத்த மழைக்காலத்துக்குள் புதிய குட்டிகள் கத்துவது இதனால்தான்.

மயக்கம் தெளிகிற இரவு

பிடிப்பதும் அறுப்பதும் பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். கருவாட்டு வாசனைக்குக் கூண்டில் ஏறும் பூனை, சடாரென்று விழும் கதவு, உடனே துணி போட்டு மூடியதும் அடங்கிப்போகும் சீறல் என்று வீடியோவுக்கு ஏற்ற காட்சிகள். அதற்குப் பிறகான 24 மணி நேரத்தை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. பூனை பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

மயக்க மருந்து உடல் சூட்டைக் குறைத்துவிடும். மூன்று கிலோ உடம்பு வேகமாகக் குளிர்ந்துபோகும். ஏசி அறையில் வெறும் தகரத் தட்டில் கிடத்தினால் விழிக்கத் தாமதமாகும், சில நேரம் விழிக்காமலே போகும். எனவே கீழே செய்தித்தாளும் பழைய துண்டும், மேலே காற்றுப் போகும் அளவுக்கு ஒரு துணி. வெந்நீர் பாட்டில் வைப்பதானால் துணி சுற்றித்தான், அதுவும் பூனை நகர்ந்து விலக இடம் விட்டு. முழு மயக்கத்தில் இருக்கும் பூனையோ சுட்டாலும் விலகாது, அதனால்தான் துணி.

சென்னையில் இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ, ஜன்னல் சாத்திய காரிலோ கூண்டை ‘கொஞ்ச நேரம்’ வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் பூனை வாய் திறந்து இரைத்துக்கொண்டிருக்கும். மே மாதத்தில் பூனை பிடிப்பதையே நிறுத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் அதே யோசனைதான். காயம் ஆறாத பூனையை, தண்ணீர் தேங்கும் பேஸ்மென்டில் கொண்டுபோய் விட முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் வாரம் தள்ளிப் பிடிப்பதே உசிதம்.

விழித்துவிட்டது என்பதற்கும் தெளிந்துவிட்டது என்பதற்கும் தூரம் அதிகம். தலையைத் தூக்கும், சீறும், எழுந்து நின்று சாயும். சீறுகிறதே, சரியாகிவிட்டது என்று இரவே கொண்டுபோய் விடுகிறவர்கள் செய்வது பெரிய பிழை. தள்ளாடும் பூனை சுவரைத் தாவக் கணக்குப் போட்டு விழும். நாய் வந்தால் ஓடாது. கண் திறந்திருந்தாலும் பார்வை நிலைக்காது.

கடுவனுக்கு அறுவை சின்னது. பெரும்பாலும் தையல்கூட இருக்காது. நன்றாகத் தெளிந்து, ஓர் இரவு கழிந்தால் மறுநாள் விடலாம். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை. ஒரு நாள் முழுக்க வைத்திருப்பது குறைந்தபட்சம், இரண்டு நாள் நல்லது. சினையாக இருந்தவை, வயதானவை, காயத்தில் கசிவு உள்ளவை டாக்டர் சொல்லும் வரை கூண்டில்தான். தெருப்பூனையை மறுபடி பிடித்துத் தையல் பிரிப்பது நடக்கிற காரியமில்லை என்பதால் தானே கரையும் நூலைப் போடுகிறார்கள். வாய்வழி மாத்திரைக்கும் வழியில்லை. அதனால் வலி ஊசியும், இரண்டு வாரம் உடம்பில் நின்று வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசியும் மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்போதே. டாக்டரிடம் ‘இது வீட்டுப் பூனை இல்லை, தெருவில் விடப்போகிறோம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூல், மருந்து, வெட்டும் இடம் எல்லாமே அதை வைத்துத்தான் மாறும். வயிற்றுக்கு நடுவே வெட்டாமல் விலாவில் வெட்டினால், சோறு வைக்கும்போது தூரத்தில் நின்றே காயத்தைப் பார்த்துவிடலாம்.

――――――――――
கதவைத் தூக்கும் முன்

■ நேராக நடக்கிறதா? கூண்டுக்குள்ளேயே நின்று, திரும்பி, உங்களைப் பார்த்துப் பின்வாங்க வேண்டும்.

■ கீழே விரித்த தாளில் புது ரத்தம் இல்லையா? ஓரிரு துளி பழைய கறை பரவாயில்லை. நனைந்திருந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

■ சாப்பிடவில்லை என்று பயப்பட வேண்டாம். பயந்த பூனை கூண்டில் சாப்பிடாமல் இருப்பது சகஜம். தண்ணீர், சிறுநீர், சுறுசுறுப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள்.

■ பிடித்த அதே இடம், சந்தடி இல்லாத நேரம். கதவு சாலையைப் பார்க்கக் கூடாது. சுவர், புதர், படிக்கட்டு என்று அது ஒளியும் பக்கம் பார்க்கட்டும்.

■ கூண்டைச் சாய்த்துக் கொட்டாதீர்கள், கையை உள்ளே விடாதீர்கள். வெளியே வரத் தாமதித்தால் தள்ளி நின்று காத்திருங்கள்.

■ கடித்துவிட்டால் அல்லது பிறாண்டிவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை. பூனைக்கடிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. பல் சின்னது, துளை ஆழம், சீழ் பிடிக்கும்.
――――――――――

படிக்கட்டுக்கு அடியில் யார் காத்திருக்கிறார்கள்?

பிடிபட்ட பெட்டையின் காம்பு புடைத்து, சுற்றிலும் முடி உதிர்ந்து ஈரமாக இருந்தால் எங்கேயோ குட்டிகள் இருக்கின்றன என்று அர்த்தம். இங்கேதான் நல்லெண்ணமே ஆபத்தாகிறது. ‘பாவம், ரெண்டு நாள் நன்றாக ஓய்வெடுக்கட்டும்’ என்று தாயை வைத்திருந்தால், பிறந்து ஒரு வாரமே ஆன குட்டிகள் அந்த இரண்டு நாளில் முடிந்துபோகும். கருத்தடை ஆன தாய்க்குப் பால் வற்றாது, கொடுக்கும். எனவே இப்படிப்பட்ட பூனையை முதல் ஆளாக மேசையில் ஏற்றி, தெளிந்தவுடன், எல்லோருக்கும் முன்பாகத் திருப்பி விட வேண்டும். குட்டிகள் இருக்கும் இடம் தெரிந்தால் இன்னும் நல்லது. அவை தாமாகத் தின்னத் தொடங்கும்வரை தாயைப் பிடிக்காமல் விட்டுவைக்கலாம்.

குட்டிகளைப் பொறுத்தவரை ஒரு வயதுக் கணக்கு இருக்கிறது. இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை மனிதக் கை பழகினால் வீட்டுப் பூனையாகிவிடும். அந்தப் பருவம் தாண்டத் தாண்ட கஷ்டம். எனவே இரண்டு மாதக் குட்டியைக் கருத்தடை செய்து தெருவில் விடுவதைவிட வளர்ப்பவர் கையில் கொடுப்பதே சரி. ஐந்து வயதுக் காட்டுத்தனமான பூனையை ‘பாவம்’ என்று ஃபிளாட்டுக்குள் அடைப்பது அதற்குச் சிறை. கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வராது.

விட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் காணாமல் போவதும் வழக்கம்தான். கோபம். வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்தில் சாப்பாடு வைத்தால் வந்துவிடும். கடுவன் விஷயத்தில் அடுக்ககத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு: அறுவைக்குப் பிறகும் சில வாரம் அதற்கு வீரியம் இருக்கும். அந்த ஒரு மாதத்தில் இரவுச் சண்டை ஓயாது. ‘காசு வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க’ என்று குரூப்பில் செய்தி வரும். பொறுத்தால் அடங்கும்.

காது நுனி

மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். பார்ப்பவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் கழுத்துப்பட்டி மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கும், பெயின்ட் அழியும், தையல் தடம் முடியில் மறையும். காது மட்டும் பத்தடி தூரத்திலிருந்து தெரியும். அது இல்லாவிட்டால் அதே பெட்டையை இரண்டாவது முறை பிடித்து, மயக்கி, வயிற்றைத் திறந்து, கருப்பை இல்லையே என்று பார்த்துத் தைக்க வேண்டிவரும். ஜப்பானில் நேராக வெட்டாமல் ‘வி’ வடிவில் நறுக்குகிறார்கள். செர்ரிப் பூவிதழ் போலத் தெரிவதால் ‘சாகுரா பூனை’ என்றே பெயர். கடுவனுக்கு வலது காது, பெட்டைக்கு இடது.

இடிபடும் கட்டடங்கள்

பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி எங்கே உடைகிறது தெரியுமா? அந்த இடமே இல்லாமல் போகும்போது.

சென்னையில் நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய அடுக்ககங்கள் ஒவ்வொன்றாக ‘ரீடெவலப்மென்ட்’டுக்குப் போகின்றன. தி.நகரிலும் அண்ணா நகரிலும் அடையாறிலும் தெருவுக்கு ஒன்று நீலத் தகரம் போட்டு மூடியிருக்கிறார்கள். குடும்பங்கள் வாடகை வீட்டுக்குப் போய்விடுகின்றன. சோறு வைத்தவர்களும் போய்விடுகிறார்கள். பூனைகள் மட்டும் காலிக் கட்டடத்தில். ஜே.சி.பி. வந்ததும் வெளியே ஓடாமல் இன்னும் உள்ளே, இன்னும் ஆழமான பொந்துக்குள் போய் ஒடுங்குவதுதான் அவற்றின் சுபாவம். இடிபாட்டில் சிக்குவது அதனால்தான்.

அங்கே இடமாற்றத்தைத் தவிர வழியில்லை. ஆனால் இடமாற்றமும் சாக்குப் பையும் ஒன்றல்ல. புது இடத்தில், அது பத்திரமான தோட்டமோ குடோனோ பண்ணையோ எதுவானாலும், பூனையை ஒரு பெரிய கூண்டிலோ அறையிலோ குறைந்தது இரண்டு, மூன்று வாரமாவது அடைத்து வைத்து அங்கேயே சோறு போட வேண்டும். அந்த இடத்தின் வாசனையும் சத்தமும் சாப்பாட்டு நேரமும் பழகிய பிறகே கதவைத் திறக்கலாம். ஒன்றாக வாழ்ந்த இரண்டு பூனையைச் சேர்த்தே கொண்டுபோனால் தங்கும் வாய்ப்பு கூடும். இவ்வளவும் செய்தாலும் சில ஓடிவிடும். அதற்குமேல், அந்த இடத்தில் தினமும் சோறு வைக்க ஓர் ஆள் சம்மதித்திருக்க வேண்டும். அப்படி ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

கட்டடம் இடிக்கும் ஒப்பந்தத்தில் மரத்துக்குக்கூட ஒரு ஷரத்து போடுகிறோம். மூன்று மாதம் முன்னதாகப் பூனைகளுக்கும் ஒரு வரி சேர்த்தால் குடியா முழுகிவிடும்? தகரம் அடிப்பதற்கு முன்பே கூண்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது. தகரம் அடித்த பிறகு உள்ளே விடவே மாட்டார்கள்.

பறவைக்காரர்கள் கேட்பது

பூனையை மறுபடி வெளியே விடுவதையே எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் வாதத்தை ‘இரக்கமில்லாதவர்கள்’ என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கருத்தடை ஆன பூனையும் வேட்டையாடும். ஆஸ்திரேலியா 2015-ல், ஐந்து ஆண்டில் 20 லட்சம் காட்டுப் பூனைகளைக் கொல்லத் திட்டம் அறிவித்ததே அங்கத்திய சிற்றுயிர்கள் அழிவதால்தான்.

நம் ஊர் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவைப் போலப் பூனையே அறியாத கண்டம் இல்லை இது. நெருக்கடியான ஒரு தெருவில் காக்கையும் புறாவும் தவிரப் பூனைக்கு எட்டும் பறவை குறைவு. ஆனால் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்திலோ, கிண்டி தேசியப் பூங்காவின் மதிலை ஒட்டியோ பிடித்த பூனையை அங்கேயே விடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். தரையில் முட்டையிடும் பறவைக்கு, காது வெட்டிய பூனையும் வெட்டாத பூனையும் ஒன்றுதான். அப்படிப்பட்ட இடங்களில் சோறு வைக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குள் நகர்த்துவது, குட்டிகளை முழுக்கத் தத்துக் கொடுப்பது, மேலே சொன்ன அடைத்துப் பழக்கும் இடமாற்றம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ‘பூனை இருந்தால் எலி இருக்காது’ என்று வாதாடும் பூனைப் பிரியர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். நியூயார்க்கின் ஒரு கழிவு மறுசுழற்சி நிலையத்தில் கேமரா வைத்து 79 நாள் பார்த்தார்கள். பூனைகள் கொன்ற பெரிய எலி இரண்டே இரண்டு. பெருச்சாளி சைஸ் எதிராளியிடம் பூனை வம்பு வைத்துக்கொள்வதில்லை.

விட்ட பிறகு என்ன ஆகிறது?

உலகத்தில் இதற்கு நீண்ட அனுபவம் உள்ள ஊர் ரோம். ஜூலியஸ் சீசர் குத்துப்பட்ட லார்கோ அர்ஜென்டினா இடிபாட்டுக்குள் இன்று படுத்திருப்பவை பூனைகள். 1991-ல் வந்த இத்தாலியச் சட்டம், தெருப்பூனையைக் கொல்வதைத் தடை செய்ததோடு, அரசு கால்நடைத் துறையே கருத்தடை செய்து அவற்றின் கூட்டத்திலேயே திரும்ப விட வேண்டும் என்றது. பத்து ஆண்டில் ஏறக்குறைய 8,000 பூனைகளுக்கு அப்படிச் செய்தார்கள். 103 கூட்டங்களை ஆராய்ந்தபோது எண்ணிக்கை பொதுவாகக் குறைந்திருந்தது. ஆனால் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை சுமார் 21 சதவீதம். வீட்டில் வளர்த்து வீசியவையும், தானாக வந்தவையும். வீட்டுப் பூனையின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மக்களைப் பழக்காவிட்டால் இந்த உழைப்பும் பணமும் வீண் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

புளோரிடாவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991-லிருந்து 11 ஆண்டில் 155 பூனைகள் பதிவாயின. 2002-ல் மிஞ்சியவை 23. 1995-க்குப் பிறகு அங்கே ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. இதைக் கேட்டுக் கைதட்டும் முன் இன்னொரு எண்: 47 சதவீதம் தத்துக் கொடுக்கப்பட்டவை. வெறும் அறுவையால் வந்த குறைவு இல்லை அது. தத்துக் கொடுத்ததாலும், புதிதாக வந்த பூனையை உடனே கவனித்துப் பிடித்ததாலும் சேர்ந்து வந்தது.

அந்த உடனடிக் கவனிப்பு நடக்க, சோறு வைப்பவரை அடுக்ககம் விரட்டாமல் இருக்க வேண்டும். எத்தனை பூனை, எதற்குக் காது வெட்டியாயிற்று, எது புதுசு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். 2023 விதிகள் குடியிருப்போர் சங்கத்துக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கின்றன. வாசல், மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றை விட்டுத் தள்ளி, பேசி முடிவெடுத்த இடத்தில், குறித்த நேரத்தில் சோறு வைக்கலாம். சாப்பிட்ட தட்டை அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டால் கரப்பான், பெருச்சாளிப் புகார் பாதி குறையும். பல இடங்களில் சண்டை பூனையைப் பற்றியதே இல்லை, கழுவாத தட்டைப் பற்றியது.

ஒரு கூட்டத்தில் நான்கில் மூன்று பங்காவது கருத்தடை ஆகாவிட்டால் எண்ணிக்கை அசையாது என்பது களத்தில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பொது அளவு. பத்தில் மூன்றைச் செய்துவிட்டுப் பணம் தீர்ந்து நிறுத்துவதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. மீதி ஏழும் அந்த மூன்றின் இடத்தை அடுத்த பருவத்திலேயே நிரப்பிவிடும். தெருத்தெருவாக ஒவ்வொரு பூனை என்பதைவிட, ஒரே தெருவை முழுசாக முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவது புத்திசாலித்தனம்.

அப்படி முழுசாக முடித்த தெருவில் ஒரு நாள் காலை, காது வெட்டாத புதுப் பூனை ஒன்று வாசலில் நிற்கும். ஆளைக் கண்டால் ஓடாது. காலைச் சுற்றும், கழுத்தில் பட்டி இறுக்கிய தடம் இருக்கும். யாரோ காரில் கொண்டுவந்து விட்டுப் போனது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்தப் பூனைக்குத் தனியார் கிளினிக்கில் கருத்தடை செய்ய சில ஆயிரம் ஆகும், அந்தப் பணத்தை ஜிபேயில் வசூலிக்க வேண்டியது தபால் துறையில் ஓய்வு பெற்ற யாரோ ஓர் அம்மாள்.